தட்டு மாத்திக்கிட்டவங்க

கொளத்தூர்ல கலர் மீன் கடைங்க வரிசையா இருக்கற ரோட்டுக்குப் பின்னாடி, எங்க தெருவும் அடுத்த தெருவும் முட்டிக்கிற மூலையில என்னோட மாவுக்கடை. சாயங்காலம் ஆனா ரெண்டு தெருவும் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்துதான் ஆகணும், அதனால எந்த வீட்டுல இட்லி, எந்த வீட்டுல சண்டை, எந்த வீட்டு மருமக கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு நான் கேக்காமலே எனக்குத் தெரிஞ்சுடும். இந்த ரெண்டு பேரு விஷயமும் அப்படித்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன பண்றது, வயித்தெரிச்சல்தான் மிச்சம்.

மாசிலாமணின்னு ஒருத்தர் எங்க தெருவுல. பல் செட்டு செய்யற லேப்புல வேலை. நாப்பதைத் தாண்டியாச்சு, கல்யாணம் ஆகல, பொண்ணு கெடைக்காம இல்ல, கெடைச்ச பொண்ணுக்கெல்லாம் "யோசிச்சு சொல்றேம்மா"ன்னு அவங்க அம்மா தனபாக்கியத்துகிட்ட சொல்லிட்டு இவரு யோசிச்சுக்கிட்டே இருக்க, அந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் வேற எடத்துல கல்யாணம் ஆகி, கொழந்த பொறந்து, கொழந்தைக்குக் காது குத்தியும் முடிச்சாச்சு. தங்கமான மனுஷன், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு சட்டை எடுக்கப் போனா ஷட்டரை எறக்கற வரைக்கும் கடையில நின்னுட்டு, நாளைக்கு வரேன்னு வெறுங்கையோட வீட்டுக்கு வர்ற ஜென்மம்.

அவரு வீட்டு ஹால்ல ஒரு பெரிய தொட்டி, உள்ள உப்புத் தண்ணி, உப்புத் தண்ணிக்குள்ள உசுரோட பவளம். கடல்லேருந்து பேத்துக்கிட்டு வந்தது இல்ல, தொட்டியிலயே பொறந்து தொட்டியிலயே வளர்ந்தது. ரோஜாக் குச்சியை வெட்டி நட்டா இன்னொரு செடி வர்ற மாதிரி, வளர்ந்த பவளத்துல ஒரு துண்டை அறுத்து, சட்டைப் பட்டன் மாதிரி தலையும் குட்டிக் காலும் உள்ள ஒரு பீங்கான் கட்டை மேல பசை போட்டு ஒட்டி வெச்சா, அந்தத் துண்டு தனியா வளர ஆரம்பிக்குமாம். அந்தக் கட்டைங்களை வரிசையா நிக்க வெக்கறதுக்கு ஓட்டை போட்ட ஒரு பலகை வேணும், அதைத் தொட்டிக்குள்ள மாட்டணும். கடையில அதுக்கு ராக்குன்னு பேரு. எங்க வாயில அது தட்டு.

அந்தத் தட்டை வாங்க அவரு பட்ட பாடு இருக்கே, கோடை முழுக்க அதே வேலை. வெள்ளைத் தட்டு வாங்கினா பாசி பளிச்சுனு தெரியும், கறுப்புத் தட்டு வாங்கினா பாசி படிஞ்சதே தெரியாது, ரப்பர் வெச்சு ஒட்டற தட்டு நாளானா பிடி விட்டுடும், காந்தம் வெச்ச தட்டு நல்லாக் கவ்வும் ஆனா கண்ணாடியோட ஒத்துப் போகணும், கால் வெச்ச தட்டை மணல்ல நிறுத்தினா அடியில நிழல் விழுந்து மணல் நாறும், மேல மாட்டினா வெளிச்சத்துல பவளம் வெந்து வெளுத்துடும், கீழ மாட்டினா வெளிச்சம் பத்தாம பழுப்பாயிடும், ஓட்டை பெருசா இருந்தா கட்டை ஆடும், சின்னதா இருந்தா கட்டை நுழையாதுன்னு, மாவு வாங்க வந்தா மாவு பாட்டுக்கு வழிய வழிய எங்கிட்ட நின்னு சொல்லுவாரு. ஒரு நாள் பொறுக்க முடியாம என்னோட பிளாஸ்டிக் இட்லித் தட்டை எடுத்து நீட்டி, "இதுலயும் குழி இருக்கு, குழியில ஓட்டை இருக்கு, இதை வெச்சுக்கிட்டு நிம்மதியா இருங்க"ன்னு சொன்னேன். ஒரு வாரம் வெச்சுப் பார்த்துட்டு, பளபளன்னு கழுவித் திருப்பிக் குடுத்தாரு. "குழியில அழுக்கு தங்குதுக்கா." அதுல நான் அப்புறம் இட்லி ஊத்தல.

மீன் கடை தஸ்தகீர் பாய்தான் பொறுமையா எல்லாத் தட்டையும் எடுத்துக் காட்டிக் காட்டி, கடைசியில ஒரு காந்தத் தட்டைக் கையில குடுத்து, "இதோட வாங்க சார், இல்லன்னா நான் கடையை வித்துட்டு ஊருக்குப் போயிடுவேன்"னு அனுப்பி வெச்சாரு. மாசிலாமணி கலர் பார்த்தாரு, ஓட்டை பார்த்தாரு, உயரம் பார்த்தாரு, தன் தொட்டிக் கண்ணாடி எவ்ளோ கனம்னு மட்டும் பார்க்க மறந்துட்டாரு. அது மெல்லிசு கண்ணாடிக்கான காந்தம். காலையில மாட்டினா மத்தியானத்துக்குள்ள தட்டு வழுக்கிக்கிட்டே கீழ மணலுக்கு வந்துடும்.

அதே சமயத்துலதான் அடுத்த தெரு மாடியில சுகந்தி குடி வந்தாங்க. பொண்ணுங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர். தங்கச்சிங்களுக்கெல்லாம் வழி விட்டு வழி விட்டு நின்னதுல இவங்களுக்குக் கல்யாணம் தள்ளிப்போயி, அப்புறம் யாரும் பேச்செடுக்கறதையே விட்டுட்டாங்க, ஓசூர்ல ஒரு அண்ணன் மட்டும் அப்பப்போ போன் பண்ணுவாரு. அவங்ககிட்டயும் ஒரு தொட்டி, சின்னது. ஆனா ஆளு நேர் எதிர். பாய் கடைக்குள்ள நுழைஞ்சாங்க, "அது"ன்னு கையைக் காட்டினாங்க, வாங்கினாங்க, வந்துட்டாங்க. அதுதான் கனமான கண்ணாடிக்கான காந்தம். இவங்க தொட்டியில மாட்டினப்போ வெரலை நசுக்கி, நகம் கறுத்துப்போயி, கண்ணாடி விரிஞ்சுடுமோன்னு பயந்து பயந்து தூங்கியிருக்காங்க.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாய் கடையில வந்து நின்னு மொறையிட்டப்போ பாய் தலையில கை வெச்சுக்கிட்டு, "அட, இதுக்கு எதுக்கு என்கிட்ட வரீங்க, ரெண்டு பேரும் தட்டை மாத்திக்குங்க, வேலை முடிஞ்சுது"ன்னு சொல்லியிருக்காரு. பாய் சொன்னது ராக்கை. தமிழ்ல அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்குன்னு அந்த நேரத்துல மூணு பேருக்குமே தோணல.

மாத்திக்கிட்டது என் கடை வாசல்ல. வைகாசி மாசம், நல்ல முகூர்த்த நாள், ஞாயித்துக்கெழம. சுகந்தி கோயிலுக்குப் போயிட்டு நேரா வந்தாங்க, கையில ஒரு தாம்பாளம், அதுல தேங்கா மூடி, வாழைப்பழம், வெத்தலை பாக்கு, அதும் மேலயே ஈரத்துணியில சுத்தின தட்டு, ரெண்டு கைதானே இருக்கு, வேற எங்க வெப்பாங்க. மாசிலாமணி, தண்ணி சொட்டுதுன்னு அம்மாவோட எவர்சில்வர் தட்டுல தன் தட்டை வெச்சு எடுத்துக்கிட்டு வந்தாரு. "மாத்திக்கலாமா சார்?"னு அவங்க கேட்டாங்க. "மாத்திக்கலாம் மேடம்"னு இவரு சொன்னாரு. அவங்க நீட்டினாங்க, இவரு வாங்கினாரு, இவரு நீட்டினாரு, அவங்க வாங்கினாங்க, சரியா அந்த நேரம் பார்த்து மூலைக் கல்யாண மண்டபத்துல கெட்டி மேளம் கொட்டுச்சு. பூக்காரி கன்னியம்மா கட்டிக்கிட்டிருந்த பூவை அப்படியே விட்டுட்டு எழுந்து நின்னுட்டா. ஆட்டோ ஸ்டாண்டுல டில்லிபாபு, "இன்னாக்கா, கண்ணு முன்னால தட்டு மாத்திக்கினாங்க, ஒரு வார்த்தை சொல்லவேயில்லை"ன்னான். பெரியவங்க இல்லாம மாத்தக் கூடாதேன்னு கன்னியம்மா இழுத்தா. "நான் இருக்கேன்ல, எங்கம்மா வயித்துல நான்தான் பெரியவன்"னு அவன் சொல்லிட்டான்.

மனுஷங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா கொஞ்ச நாள் பேசிட்டு விட்டுடுவாங்க. இங்க தட்டுங்களும் தப்பாப் புரிஞ்சுக்கிச்சு. அதுங்களைச் சொல்லியும் குத்தமில்ல, தாம்பாளம், தேங்கா, வெத்தலை, மேளம், ஒருத்தர் கையிலேருந்து இன்னொருத்தர் கைக்கு, இதுக்கு மேல ஒரு தட்டுக்கு என்ன அத்தாட்சி வேணும். அன்னிக்கு ரெண்டு பேரும் அவங்கவங்க தொட்டியில மாட்டினாங்க, ரெண்டும் ஆடாம அசையாம நின்னுச்சு. மாசிலாமணி தட்டுல ஒரு பச்சைத் துண்டு, சுகந்தி தட்டுல ஒரு ஊதாத் துண்டு. லைட்டு அணைஞ்சு மறுபடி காலையில எரிஞ்சப்போ ஊதா இங்க இருந்துச்சு, பச்சை அங்க இருந்துச்சு.

அன்னியிலேருந்து அதுதான் நடப்பு. இந்தத் தட்டுல வெச்சது விடிஞ்சா அந்தத் தட்டுல, அந்தத் தட்டுல வெச்சது விடிஞ்சா இந்தத் தட்டுல, திரும்ப வெச்சா திரும்ப இங்க. ஒரு பகல் இவரு வெளிச்சத்துல, ஒரு பகல் அவங்க வெளிச்சத்துலன்னு ரெண்டு வீட்டுச் சாப்பாடும் சாப்பிட்டு அந்தத் துண்டுங்க கொழுத்துப் போச்சு. பாய் வந்து பார்த்தாரு. ஒரு புதுத் தட்டைக் கொண்டாந்து பக்கத்துலயே மாட்டி, அதுலயும் ஒரு துண்டை வெச்சுப் பார்த்தாரு, அது நகரல. "மாத்தின தட்டுக்குத்தான் சார் இந்தக் குணம், வாங்கின தட்டுக்கு இல்ல"ன்னு சொல்லிட்டு, டீயைக் குடிச்சுட்டு, கடையில ஆள் இல்லன்னு கெளம்பிப் போயிட்டாரு.

எங்க ஜனங்களும் பெருசா அலட்டிக்கல. இப்படி ஒண்ணு இருக்கா, சரி, நமக்கு இது எப்படி உதவும்னு பார்த்தாங்க, அவ்ளோதான். அடுத்த தெரு வாட்ச்மேனுக்குச் செஞ்ச பல் செட்டை மாசிலாமணி தட்டுல வெச்சாரு, காலையில வாட்ச்மேன் சுகந்தி வீட்டுல போயி வாங்கி, கழுவி, மாட்டிக்கிட்டு டூட்டிக்குப் போனாரு. அக்கா வீட்டுக் குக்கர் ரப்பர் தங்கச்சி வீட்டுக்குப் போச்சு, மறந்து வெச்சுட்டு வந்த மூக்குக் கண்ணாடி வந்துச்சு, சீப்பு போச்சு, சொப்பு சாமான் வந்துச்சு. நடந்தா ரெண்டு நிமிஷம், ஆனா அதுக்குன்னு ஒரு தட்டு இருக்கும்போது எதுக்கு நடக்கணும்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. செம்பும் பித்தளையும் மட்டும் ஆகாது, பவளம் செத்துடும்னு மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு, அதனால தனபாக்கியம்மா வாசல்லயே நின்னு தாயத்தெல்லாம் பரிசோதிச்சு உள்ள விட்டாங்க. அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு, பையன் செஞ்சதோ சொந்தமோ தெரியாது. சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு, "தட்டு மாத்தியாச்சு, தேதி இன்னும் குறிக்கல"ன்னு சொல்லியாச்சு. கன்னியம்மா சுகந்தியைப் பார்த்தா மத்தவங்களுக்கு அளக்கறதைவிட ஒரு பிடி கூடவே பூ அளந்து குடுப்பா, கேட்டா "கல்யாணப் பொண்ணு"ம்பா. சுகந்தி அதை மறுத்து நான் பார்த்ததில்ல. பூவைத் தலையில வெச்சுக்கிட்டு, கொஞ்சம் செவந்து போயி, ஸ்கூலுக்குப் போயிடுவாங்க.

மாசிலாமணிகிட்ட கேட்டா, "அது வெறும் ராக்குக்கா"ம்பாரு. ஆனா நாளுக்கு நாள் துண்டை அழகா ஒட்டறதுக்கு மெனக்கெடுவாரு, அவங்க அனுப்பின துண்டுல ஒரு கிளை ஒடிஞ்சிருந்தா அவரே ஒட்டி, தேத்தி, திருப்பி அனுப்புவாரு. ஒரு தடவை "அவங்க கை ரொம்ப சுத்தமான கைக்கா, பசை ஒரு சொட்டு கூட வழியாது"ன்னு எங்கிட்ட சொன்னாரு. இதைவிட ஒரு ஆம்பளை ஒரு பொம்பளையைப் பத்தி என்ன சொல்லணும். "அப்போ போயிக் கேளுங்க"ன்னேன். யோசிக்கணும்னாரு. அவரு தொட்டி நடுவுல ஒரு பெரிய பவளம், செவ்வந்திப் பூ நிறத்துல, அதுல ஒரு துண்டு வேணும்னு பாய் உள்பட எத்தனையோ பேரு கேட்டும் அவரு ரம்பத்தை வெச்சதில்ல, இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்னே சொல்லிக்கிட்டிருந்தாரு. எல்லாத்துக்கும் அந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் ஆகணும்.

ஆடி போயி ஆவணி வந்ததும் நம்ம ஜனங்களுக்குக் கை சும்மா இருக்கல. மொதல்ல கன்னியம்மா. சுகந்தி வீட்டுக்குப் பூ குடுக்கப் போனவ, யாரும் பார்க்காதப்போ ஒரு மஞ்சக் கெழங்கைத் தட்டுல போட்டுட்டு வந்துட்டா, காலையில அது மாசிலாமணி வீட்டுல. தண்ணியில மஞ்சத் தூள் கலங்கி, பவளமெல்லாம் முகத்தை மூடிக்கிச்சு, திரும்பத் தொறக்க எவ்ளோ நாளாச்சு. அவரு இடுக்கியில அந்தக் கெழங்கை எடுத்து ஜன்னல்ல வெச்சுட்டு, தொட்டித் தண்ணியை மாத்தினாரு. அடுத்து டில்லிபாபு பாக்கு போட்டான், வேற யாரோ குங்குமப் பொட்டலம் போட்டாங்க, பக்கத்து வீட்டம்மா ஒரு வளையலைப் போட்டாங்க. போட்டவங்கல்லாம் என் கடையில நின்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க, நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். இவரு கோவப்படல. காலையில தட்டுல மஞ்சளோ பாக்கோ இருந்தா, "யாரோ வெளையாடறாங்க"ன்னு எடுத்து ஜன்னல்ல வெச்சுட்டு லேப்புக்குப் போறது அவருக்குப் பழகிடுச்சு. அந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்துச்சு.

ஐப்பசியில ஒரு மழை நாள், கடையில வேற யாரும் இல்ல. சுகந்தி கொடையை மடக்கிட்டு வந்து நின்னாங்க, பாத்திரம் எடுத்துக்கிட்டு வரல. ஓசூர் அண்ணன் ஒரு எடம் பார்த்திருக்காராம், மனைவி தவறிப் போனவரு, நல்ல மாதிரியாம், ஞாயித்துக்கெழம அண்ணனே வராராம், பதில் சொல்லணுமாம்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"னு கேட்டேன்.

"எனக்கு இங்கதாங்கா மனசு"ன்னாங்க, மறைக்காம. "நான் கேட்டுட்டேன். என்னால வாய் விட்டுக் கேக்க முடியல, ஆனா கேக்கற மாதிரி கேட்டுட்டேன். பத்து நாளாச்சு, ஒண்ணும் வரல. வேண்டாம்னாலும் வேண்டாம்னு சொல்லலாமில்ல."

"நான் போயி ஒரு வார்த்தை..."

"கூடாது. உங்க மேல சத்தியம். கெஞ்சிக் கேட்டதா ஆயிடும். சனிக்கெழம ராத்திரி வரைக்கும் பார்ப்பேன், அதுக்கப்புறம் அண்ணன்கிட்ட சரின்னுடுவேன்."

அவங்க போனதுக்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளல. கேக்கற மாதிரி கேட்டாங்கன்னா என்னத்தைக் கேட்டாங்க, எப்படிக் கேட்டாங்க. மறுநாள் ஒரு கிண்ணம் மாவை எடுத்துக்கிட்டு, தனபாக்கியம்மாவைப் பார்க்கற சாக்குல அவரு வீட்டுக்குப் போனேன். ஜன்னல் பூரா காய்ஞ்ச மஞ்சக் கெழங்கும் பாக்கும் வரிசையா கெடக்குது, அதுக்கு நடுவுல ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. ரப்பர் மூடி போட்டு, தண்ணி உள்ள போகாம சுத்தி மெழுகு வெச்சு அடைச்சிருக்கு. உள்ள ஒரு துண்டு மஞ்சள், அதுல ஒரு முடிச்சு நூல்.

"இது எப்போ வந்துச்சு?"

"இருக்கும் ஒரு பத்து நாள். கன்னியம்மா வேலைதான், வேற யாரு."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மாவை அவரு தலையிலயே ஊத்தியிருப்பேன். "கன்னியம்மா போட்டா குப்பியில அடைச்சா போடுவா? உங்க பவளம் முகத்தை மூடிக்கக் கூடாதுன்னு கன்னியம்மாவுக்கு என்ன வந்துச்சு? மெழுகைப் பாருங்க, ஒரு சொட்டு வழிஞ்சிருக்கா பாருங்க"ன்னேன். அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல, சத்தியத்தையும் மீறல. ஞாயித்துக்கெழம அண்ணன் வராருன்னு மட்டும் சொன்னேன்.

அவரு அந்தக் குப்பியை உள்ளங்கையில வெச்சு, மெழுகைச் சுத்தி வெரலால தடவிப் பார்த்தாரு. கண்ணு கலங்கிடுச்சு. நான் மனசு குளிர்ந்து போயி வீட்டுக்கு வந்தேன், சனிக்கெழம காலையில பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் ஒடைச்சேன்.

சனிக்கெழம சாயங்காலம் அவரே கடைக்கு வந்தாரு, தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள், பல் ராவுற தூள். "அக்கா, செவ்வந்தியை அறுத்துட்டேன்"னாரு. நல்ல துண்டா, நடுவுல முத்தினதா பார்த்து அறுத்து, கட்டையில ஒட்டியாச்சாம், அதுதான் பதிலாம். அந்த மனுஷன் ஒரே நாள்ல ஒரு முடிவு எடுத்து நான் பார்த்ததே அன்னிக்குத்தான். அதோட நிறுத்தியிருக்கலாம். "பழைய தட்டு பாசி ஏறி, கறை படிஞ்சு கெடந்துச்சுக்கா, அதுல போயி இதை வெக்கறதான்னு, லேப்புல உக்காந்து நானே ஒரு தட்டு செஞ்சேன். அதே கனம், அதே காந்தம், ஓரமெல்லாம் பல்லுக்கு இழைக்கற மாதிரி இழைச்சிருக்கேன், கையை வெச்சா வழுக்கும். பழசைக் கழட்டியாச்சு, அம்மா வினிகர்ல ஊற வெச்சிருக்காங்க."

"ஐயோ, பழைய தட்டுலதானே போகும்? பாய் பரிசோதனை பண்ணாரே, நீங்களும்தானே பக்கத்துல நின்னு பார்த்தீங்க?"

அவரு சிரிச்சாரு. "அப்போ அது போகலக்கா, சரிதான். அப்போ நாங்க யாரோ எவரோ. இத்தனை மாசமா இதெல்லாம் போயிட்டு வர்றது தட்டாலன்னா நெனைக்கறீங்க? நாங்க ரெண்டு பேரு இருக்கறதாலக்கா. தட்டு வெறும் தட்டு."

அந்த மனுஷன் வாழ்க்கையில அவ்ளோ அழகா ஒண்ணு நெனைச்சது அப்பதான், அது தப்பாப் போச்சு. நேர்ல போயிச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ நடைன்னு சொல்லிப் பார்த்தேன். வாயால சொன்னா உளறிடுவேன்னாரு. கரண்டியும் கையுமா நின்ன எனக்கு, அவரு மொகத்தைப் பார்க்கப் பார்க்க அவரு சொல்றதுதான் சரின்னு தோணிடுச்சு. அன்பு இருந்தா தட்டு எதுக்குன்னு தோணிடுச்சு. அளந்து ஊத்தற எனக்கே அன்னிக்கு அளவு தப்பிப் போச்சு.

விடிஞ்சு அவரு ஹால் லைட்டைப் போட்டப்போ, செவ்வந்தித் துண்டு புதுத் தட்டுல, வெச்ச எடத்துலயே, வாயை நல்லாத் தொறந்துக்கிட்டு அழகா நின்னுக்கிட்டிருந்துச்சு. அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிஞ்சுடுச்சு. வினிகர்ல வெளுத்துப் போயி மாடியில காய்ஞ்சுக்கிட்டிருந்த பழைய தட்டைத் தூக்கிட்டு வந்து மாட்டிப் பார்த்தாரு, விடிஞ்சதுக்கப்புறம் அது எங்க அனுப்பும், வெறும் பலகையா நின்னுச்சு. துண்டை ஒரு டம்ளர் உப்புத் தண்ணியில போட்டு, பழைய தட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, செருப்பு கூடப் போடாம அவரு என் கடையைத் தாண்டி ஓடினாரு. நானும் கடையை அப்படியே போட்டுட்டு பின்னாடியே ஓடினேன். ரெண்டு நிமிஷ நடைன்னு சொன்னேனே, அன்னிக்கு அது முடியவே மாட்டேன்னுச்சு.

சுகந்தி வீட்டுக் கதவு தொறந்திருந்துச்சு. அண்ணன் சோஃபாவுல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே போன்ல யாருக்கோ நல்ல சேதி சொல்லிக்கிட்டிருந்தாரு. சுகந்தி தொட்டிகிட்ட நின்னாங்க. அவங்க தட்டுல ஒரு துண்டு கூட இல்ல, இவரு பதிலுக்காகன்னு எல்லாத்தையும் எடுத்துட்டு, தொடைச்சு, காலியா வெச்சிருந்தாங்க.

"வந்துடும்னு நேத்து லைட்டு அணைக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன் சார்"னாங்க, மெதுவா, அண்ணன் காதுல விழாம. "காலையில பார்த்தேன். காலியா இருந்துச்சு. அண்ணன் ஆறு மணி பஸ்ல வந்துட்டாரு, சரின்னு சொல்லிட்டேன்."

"நான் வெச்சேன் மேடம். வேற தட்டுல வெச்சுட்டேன். நல்ல தட்டா இருக்கட்டும்னு..."

அவங்க கோவிச்சுக்கிட்டிருந்தா கூட பரவாயில்ல. "எனக்கு எந்தத் தட்டா இருந்தாலும் போதும் சார்"னாங்க. "ஒரு சாமான் வாங்க நான் என்னிக்கும் யோசிச்சதே இல்ல. உங்களுக்குன்னுதான் இத்தனை மாசம் நின்னேன்."

போன்ல அண்ணன், ஆமாமா பொண்ணு சம்மதிச்சுடுச்சுன்னு யாருக்கோ இன்னொரு தடவை சொன்னாரு. மாசிலாமணி அங்க போயிப் பேசுவாருன்னு நான் பார்த்தேன், இப்பவாவது வாயைத் தொறப்பாருன்னு பார்த்தேன், அவரு டம்ளர் தளும்பாமப் பிடிச்சுக்கறதுலயே இருந்தாரு. அந்த எடத்துல அவருக்குப் பதிலா நான் அழுதேன்.

சுகந்தி கையைத் தண்ணிக்குள்ள விட்டு, காந்தத்தைக் கழட்டி, தட்டை வெளிய எடுத்து, முந்தானையால தொடைச்சாங்க. "சொன்ன சொல்லு மாறிப் போச்சுன்னா தட்டைத் திருப்பி மாத்திக்கணும் சார், அதுதான் மொறை"ன்னு நீட்டினாங்க. அவரும் கக்கத்துல இருந்ததை எடுத்துக் குடுத்தாரு. அவங்க அதை வாங்கி, அண்ணனோட ஓசூருக்குக் கெளம்பக் கட்டி வெச்சிருந்த பொட்டி மேல வெச்சாங்க, வெச்ச கையோட எடுத்து அவருகிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க. "இதையும் நீங்களே வெச்சுக்குங்க. இதை எடுத்துக்கிட்டு நான் அங்க போகக் கூடாது." அவரு ரெண்டு தட்டையும் ஒரு கையில வெச்சுக்கிட்டு, இன்னொரு கையில டம்ளரோட நின்னாரு. அப்பதான் அவங்க டம்ளருக்குள்ள பார்த்தாங்க.

"செவ்வந்தியா? இதை யாருக்கும் வெட்ட மாட்டீங்களே."

"உங்களுக்காகத்தான் வெட்டினேன். இதை மட்டுமாவது வெச்சுக்குங்க."

அவங்க டம்ளரை ரெண்டு கையாலயும் வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, எவ்ளோ சுத்தமா ஒட்டியிருக்குன்னு பார்த்தாங்க. அப்புறம் தட்டில்லாத தொட்டியைப் பார்த்தாங்க, அவரு கையைப் பார்த்தாங்க.

"எதுல வெக்கறது சார்?"னாங்க. "ரெண்டு தட்டும் உங்ககிட்டதானே இருக்கு."